சைவப் பொசோலே: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெக்சிகோவில் வீட்டு விசேஷம் என்றால் பெரிய பானையில் பொசோலே கொதிக்கும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய சோளமும் மிளகாய்ச் சாறும் சேர்ந்தது அது. வழக்கமாகப் பன்றி இறைச்சியோ கோழியோ போடுவார்கள். இறைச்சி இல்லாமல் செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சோளம் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் மக்காச்சோளம்தான்.

இது சூப்பா, குழம்பா?

இரண்டுக்கும் நடுவில். கிண்ணத்தில் பாதிக்கு மேல் வெந்து மலர்ந்த சோளம், அது மூழ்கும் அளவுக்குச் சாறு, மேலே பச்சையாக நறுக்கிய முட்டைக்கோஸ், முள்ளங்கி, வெங்காயம். அதன்மேல் எலுமிச்சை பிழிந்து கரண்டியால் சாப்பிட வேண்டியது. தொட்டுக்கொள்ள ஏதும் தேவையில்லை, அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

மூன்று நிறங்களில் வரும். சிவப்புப் பொசோலே ஹலிஸ்கோ, சினலோவா, மிச்சோவகான் மாநிலங்களில் பிரபலம். பச்சையும் வெள்ளையும் குவெரெரோ மாநிலத்துக்காரர்களின் பெருமை. அங்கே வியாழக்கிழமை என்றாலே பொசோலேதான். நாடு முழுக்க என்று பார்த்தால் செப்டம்பர் 15 இரவு, சுதந்திர தினக் கொண்டாட்டத்தின்போது, இது இல்லாத வீடு குறைவு. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கும் உண்டு.

தபாஸ்கோ, சியாபாஸ் பக்கம் ‘பொசோல்’ என்று ஒன்று கிடைக்கும். அது அரைத்த சோளமாவைத் தண்ணீரில் கரைத்த பானம். இணையத்தில் செய்முறை தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இறைச்சி போடாவிட்டால் அது பொசோலே ஆகுமா?

ஆகும். ஸ்பானியர்கள் 16-ம் நூற்றாண்டில் கொண்டுவரும்வரை மெக்சிகோவில் பன்றியே கிடையாது. சோளம் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. பழைய காலத்தில் எல்லாம் சைவமாக இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஸ்பானியர்களுக்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் நரபலிக்குப் பிறகு அந்த இறைச்சியைச் சோளத்தோடு வேகவைத்து உண்ட சடங்கை பெர்னார்டினோ தே சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். பொசோலேயின் மூதாதை அதுதான் என்று சொல்பவர்கள் பலர். ஆக, ‘அசல் இறைச்சி’ எது என்று வாதிட ஆரம்பித்தால் யாருக்குமே பசிக்காது!

பெரும்பாலும் மாறாமல் இருப்பது சோளம் மட்டும்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் காய்ந்த இறால் போட்டுச் செய்வார்கள். சோனோராவில் சோளத்துக்குப் பதில் கோதுமை போட்டுச் செய்வதைக்கூடப் பொசோலே என்றுதான் அழைக்கிறார்கள். சைவமாகச் செய்யும்போது ‘இறைச்சிக்குப் பதில் என்ன’ என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, சோளத்தையும் மிளகாயையும் ஒழுங்காகச் செய்வதில் நேரத்தைச் செலவிடுங்கள். பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஹோமினி என்கிறார்களே, அது என்ன?

காய்ந்த முழுச் சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் தோலைத் தேய்த்துக் கழுவினால் கிடைப்பதுதான் ஹோமினி. மெக்சிகோவில் இதற்கு நிஸ்தமால் என்று பெயர். டார்ட்டியா என்ற சோள ரொட்டி, இலையில் பொதிந்து அவிக்கும் தமாலே எல்லாவற்றுக்கும் இதை அரைத்துத்தான் மாவாக்குவார்கள். பொசோலேக்கு அரைப்பதில்லை, முழு மணியாகவே வேகவைப்பார்கள்.

இதற்கென்றே ககவசிந்த்லே என்று ஒரு ரகம் இருக்கிறது. தொலூக்கா சமவெளி போன்ற மேட்டு நிலங்களில் விளைவது, வெள்ளை நிறம், பெரிய மணி. உள்ளே மாவுத்தன்மை அதிகம் என்பதால் வெந்ததும் பிளந்து மலரும்.

சுண்ணாம்பு எதற்கு? வெறும் தண்ணீரில் வேகவைத்தால் போதாதா?

வேகும், ஆனால் தோல் போகாது. மென்றால் சக்கையாக வாயில் நிற்கும். சுண்ணாம்பு நீர் அந்தத் தோலைக் கரைத்து இளக்கிவிடுகிறது. சூடான டார்ட்டியாவில் வருமே ஒரு மண்வாசனை, அது வருவதும் இதனால்தான்.

சத்து விஷயம் இதைவிடப் பெரியது. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தாலும் பெரும்பகுதி உடம்பு உறிஞ்ச முடியாதபடி பிணைந்திருக்கும். சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது, கூடவே கால்சியமும் ஏறுகிறது. மெசோ அமெரிக்க (மெக்சிகோவும் அதையொட்டிய மத்திய அமெரிக்காவும்) மக்கள் 3,000 ஆண்டுகளுக்கு மேலாக இப்படிச் செய்துவருகிறார்கள். ஸ்பானியர்கள் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு வந்து, கடைசியில் புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. 1735-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் அதை விவரித்தார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது பரவியது. தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் நிரூபிக்கப் படாத பாடு பட்டார். நியாசின்தான் மருந்து என்பது 1937-ல்தான் தெரிந்தது.

ஸ்வீட் கார்ன் போடலாமா?

கூடாது. இனிக்கும், மலராது. பாப்கார்ன் சோளமும் வேண்டாம், மணி சிறிசு, எவ்வளவு வெந்தாலும் நடுவே கடினமாக நிற்கும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்குச் சுலபம். கோயா, ஹுவானிட்டாஸ் போன்ற பிராண்டுகளில் டின் ஹோமினி பல கடைகளில் கிடைக்கும். ஏற்கெனவே வெந்தது. டின் நீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசி, சாற்றில் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் போதும். 822 கிராம் பெரிய டின் ஒன்றில் நீர் போக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் சோளம் இருக்கும். நான்கு பேருக்கு வரும்.

காய்ந்ததை வாங்கும்போதுதான் கவனம் தேவை. ஒன்று, சுண்ணாம்பில் வெந்து தோல் நீக்கி மறுபடி உலர்த்தியது. தென் அமெரிக்கக் கடைகளில் ‘மோட்டே பெலாதோ’ என்று கிடைக்கும். அதை இரவு ஊறவைத்து நேரே வேகவைக்கலாம். இன்னொன்று வெறும் காய்ந்த சோளம். அதற்குச் சுண்ணாம்பு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு மணியை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளவென்று தோல் இருந்தால் இரண்டாவது வகை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மளிகைக் கடையில் கிடைக்கும் காய்ந்த மஞ்சள் மக்காச்சோளத்தில் செய்யலாம். மணி அவ்வளவு பெரிசாக மலராது, நிறமும் வெள்ளையாக வராது. ருசி வரும். வாங்கும்போது விதைக்கான சோளம் இல்லையே என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அதில் மருந்து கலந்திருப்பார்கள்.

வீட்டில் சுண்ணாம்பில் வேகவைப்பது எப்படி?

அரைக் கிலோ சோளத்துக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், 10 கிராம் சுண்ணாம்புப் பொடி. அமெரிக்காவில் ஊறுகாய் போடுவதற்கென்று டப்பாவில் விற்கும் சுண்ணாம்பு இதற்குச் சரி. வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான். குழைவாக இருப்பதால் ஒரு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். வாசனையோ நிறமோ கலந்தது வேண்டாம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு, நீர் பட்டால் கொதிக்கும் கற்சுண்ணாம்பு இரண்டையும் சமையலறைக்குள்ளேயே விடாதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் சுண்ணாம்பும் சேரக்கூடாது, பாத்திரம் அரித்துச் சாப்பாட்டில் இறங்கும். நம் வீடுகளில் பாதிக்கு மேல் அலுமினியக் குக்கர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, கழுவிய சோளத்தைப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். சில நிமிடங்களிலேயே வெள்ளைச் சோளம்கூட மஞ்சளாக மாறும், பயப்பட வேண்டாம். முக்கால் மணி நேரம் ஆனதும் ஒரு மணியை எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். தோல் கொழகொழவென்று வழுக்கிக்கொண்டு வந்தால் அடுப்பை அணைத்து மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். வராவிட்டால் இன்னும் கால் மணி நேரம்.

காலையில் அந்த மஞ்சள் நீரைக் கொட்டிவிட்டு, சோளத்தை வடிகட்டியில் போட்டு ஓடும் நீரில் இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவ வேண்டும். தோல் மெல்லிய ஜவ்வு போலக் கழன்று மிதக்கும். நீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும், கையுறை போட்டுக்கொள்ளலாம். கொட்டும் நீரில் சுண்ணாம்பின் காரத்தன்மை அதிகம், தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

ஒவ்வொரு மணியின் நுனியையும் கிள்ள வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், கட்டாயமில்லை. கழுவிய மணியைப் பார்த்தால் குறுகிய முனையில், கதிரோடு ஒட்டியிருந்த இடத்தில், பழுப்பாகச் சின்னக் குல்லா மாதிரி ஒன்று தெரியும். அது மணியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டால் கொதிக்கும்போது அந்த முனையிலிருந்து மணி நான்கு பக்கமும் விரிந்து மலரும். எடுக்காவிட்டால் நடுவில் லேசாகப் பிளக்கும், அவ்வளவுதான். சாப்பிடும்போது அந்தத் துணுக்கு பல்லில் நெருடும்.

மெக்சிகோவில் வீட்டார் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே கிள்ளுவார்கள். அரைக் கிலோவுக்குத் தனியாளாக உட்கார்ந்தால் நல்ல நேரம் பிடிக்கும். பொழுது இருந்தால் செய்யுங்கள், விருந்தாளி வருகிறார்கள் என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

குக்கரில் வைக்கலாமா? எத்தனை விசில்?

சுண்ணாம்பு போகக் கழுவிய பிறகு எந்தக் குக்கரிலும் வைக்கலாம். விசில் கணக்கு சரிப்படாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கட்டும். திறந்த பானையில் என்றால் இரண்டு முதல் மூன்று மணி நேரம். உப்பை மட்டும் சோளம் மலர்ந்த பிறகு போடுங்கள், மெக்சிகோ பாட்டிமார்கள் இதில் கறார். வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். இறைச்சி இல்லாத பொசோலேக்குச் சாறு கெட்டியாவது அந்தக் கஞ்சியால்தான்.

குவாஹியோ, ஆன்ச்சோ மிளகாய் கிடைக்கவில்லை. வேறென்ன போடலாம்?

சிவப்புப் பொசோலேயின் நிறமும் மணமும் இந்த இரண்டு காய்ந்த மிளகாயிலிருந்து வருகின்றன. இரண்டிலும் காரம் குறைவு. குவாஹியோ நல்ல சிவப்பு, லேசான புளிப்பு. ஆன்ச்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்ளானோ மிளகாய், கருஞ்சிவப்பு, உலர்திராட்சை போல ஒரு இனிப்பு.

பதிலுக்குக் கர்நாடகத்து பியாடகி மிளகாய் மிகவும் பொருந்தும். அது இல்லையென்றால் காஷ்மீர் மிளகாய். பியாடகியோடு நான்கைந்து உலர்திராட்சை சேர்த்து ஊறவைத்து அரைத்தால் ஆன்ச்சோவின் இனிப்பும் ஓரளவு வந்துவிடும். குண்டூர் மிளகாயையோ குண்டு மிளகாயையோ இந்த அளவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

சிவப்புப் பொசோலேக்கு அளவும் முறையும் சொல்லுங்கள்.

நான்கைந்து பேருக்கு: வெந்த சோளம் 600 கிராம் (காய்ந்தது என்றால் சுமார் 250 கிராம்), குவாஹியோ 6, ஆன்ச்சோ 2 (அல்லது பியாடகி 12), பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு 8 பல், சிப்பிக் காளான் 300 கிராம், காய்ந்த ஆரிகனோ ஒரு தேக்கரண்டி, பிரிஞ்சி இலை ஒன்று, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு.

மிளகாயின் காம்பையும் விதையையும் நீக்கி, வெறும் வாணலியில் ஒவ்வொரு பக்கமும் 20 விநாடி காட்டுங்கள். வாசனை எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். கருகினால் மொத்தப் பானையும் கசக்கும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பாதி வெங்காயம், பூண்டோடு மிக்ஸியில் மை போல அரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டுவதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டால் மிளகாய்த் தோல் தொண்டையில் ஒட்டும்.

பானையில் எண்ணெய் காய்ந்ததும் இந்த விழுதை ஊற்றி, பச்சை வாசனை போய், நிறம் கறுத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். எட்டுப் பத்து நிமிடமாவது ஆகும், தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சோளத்தை அதன் கஞ்சியோடு சேர்த்து, மொத்தம் ஒன்றரை லிட்டர் சாறு வருமாறு வெந்நீர் விட்டு, மீதி வெங்காயம், பிரிஞ்சி இலை, ஆரிகனோ, உப்பு போட்டு அரைமணி நேரம் சின்னத் தீயில் கொதிக்கவிடுங்கள். காளானைச் சேர்க்கும் முறை அடுத்த பதிலில் இருக்கிறது.

கை தானாகச் சீரகத் தூள் டப்பாவுக்குப் போகும். கால் தேக்கரண்டி போட்டால் குற்றமில்லை. மல்லித் தூளும் கரம் மசாலாவும் போட்டால் அது காளான் குருமா, வேறு சாப்பாடு.

காளான் பிடிக்காது. வேறு என்ன போடலாம்?

முதலில் காளானைச் சரியாகச் செய்து பார்த்தீர்களா என்று கேட்பேன். பச்சையாகச் சாற்றில் போட்டால் வழவழவென்றுதான் இருக்கும். கையால் நார் நாராகக் கிழித்து, சூடான வாணலியில் எண்ணெய் விட்டு, ஓரம் பழுப்பாக மொறுகும்வரை வறுத்து, கடைசி 15 நிமிடத்தில் சேர்க்க வேண்டும்.

அப்படியும் வேண்டாம் என்றால் பலாமூசு. மெக்சிகோவின் நயாரித் மாநிலத்தில் பலா நிறையவே விளைகிறது, அங்குள்ள சைவக்காரர்களும் இறைச்சிக்குப் பதில் பிஞ்சுப் பலாவைப் போடுகிறார்கள். வேகவைத்து உதிர்த்து, கொஞ்சம் மிளகாய் விழுதோடு வதக்கிச் சேருங்கள். புரதம் வேண்டும் என்பவர்களுக்கு வேகவைத்த டபுள் பீன்ஸ் ஒரு கிண்ணம். பன்னீரும் சோயா உருண்டையும் எனக்கு ஒப்பவில்லை, சாற்றை உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் திருப்பித் தருவதில்லை.

வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடு. முடியுமா?

சிவப்பில் கஷ்டம், சாறு தட்டையாக இருக்கும். பச்சைப் பொசோலே செய்யுங்கள். அதில் பூசணி விதை சுமையைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெயில் பெருங்காயம் பொரித்துப் போடுவது மெக்சிகோ முறை இல்லை, ஆனால் வேலை செய்யும்.

பச்சைப் பொசோலே எப்படிச் செய்வது?

தோல் நீக்கிய பூசணி விதை 100 கிராம் எடுத்து, படபடவென்று வெடித்து உப்பும்வரை வறுத்து ஆறவையுங்கள். குவெரெரோவில் இதோடு தொமாத்தியோ என்ற பச்சைக் காயை வேகவைத்து அரைப்பார்கள். நம் ஊர் வயலோரத்துச் சொடக்குத் தக்காளிக்கு உறவு, ஆனால் பெரிசு, புளிப்பு. அதற்குப் பதில் கெட்டியான பச்சைத் தக்காளிக்காய் 400 கிராமும் ஒரு எலுமிச்சைச் சாறும் போதும். பச்சை மிளகாய் மூன்று, ஒரு கட்டு கொத்தமல்லி, கிடைத்தால் கொஞ்சம் பசலை சேர்த்து அரைத்து, எண்ணெயில் வதக்கிச் சோளத்தோடு கொதிக்கவிட வேண்டும். விதை அடிப்பிடிக்கும் சுபாவம் உள்ளது, கிளறிக்கொண்டே இருங்கள்.

எந்த ஆரிகனோ?

மெக்சிகோ ஆரிகனோ வேறு செடி, இத்தாலிய ஆரிகனோவுக்குச் சொந்தம்கூட இல்லை. வாசனையில் எலுமிச்சைச் சாயல் இருக்கும். கிடைக்காவிட்டால் பீட்சாவோடு வரும் பொட்டலம் போதும், கைகளுக்கிடையே கசக்கித் தூவுங்கள். நம் வீட்டுக் கற்பூரவல்லியை கியூபா ஆரிகனோ என்று அழைப்பவர்கள் உண்டு. ஒரு இலைக்கு மேல் போட்டால் கஷாய வாசனை வந்துவிடும்.

மேலே போடும் காய்களை விட்டுவிடலாமா?

விடவே கூடாது. சாறு சூடும் கனமுமாக இருக்கும்போது மேலே சில்லென்று நறநறக்கும் காய் இருந்தால்தான் இரண்டாவது கிண்ணம் இறங்கும். சன்னமாக நறுக்கிய முட்டைக்கோஸ் அல்லது லெட்டூஸ், வில்லையாக முள்ளங்கி, பொடி வெங்காயம், ஆரிகனோ, மிளகாய்த் தூள், எலுமிச்சை. அவகாடோ இருந்தால் நல்லது. இதெல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் மேசைக்கு வர வேண்டும், அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்வார்கள். கடித்துக்கொள்ளப் பொரித்த டார்ட்டியா. இல்லாவிட்டால் மசாலா தூவாத நாச்சோ சிப்ஸ்.

சோளத்தில் சோப்பு வாசனை வருகிறது. ஏன்?

சுண்ணாம்பு சரியாகக் கழுவப்படவில்லை, அல்லது அதற்குப் பதில் சமையல் சோடா போட்டிருக்கிறீர்கள். சோடாவும் தோலை உரிக்கும், ஆனால் அந்த மண்வாசனையும் வராது, கால்சியமும் ஏறாது. கழுவிய சோளத்தைப் புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுத் தொடருங்கள்.

மிச்சம் ஆனால்?

ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் இருக்கும். மறுநாள் ருசி கூடும். சோளம் சாற்றைக் குடித்திருக்கும் என்பதால் வெந்நீர் சேர்த்துச் சூடாக்குங்கள், உப்பையும் சரிபாருங்கள். வெந்த சோளத்தையும் மிளகாய் விழுதையும் தனித்தனியாக ஃபிரீசரில் வைத்தால், அடுத்த முறை அரைமணி நேர வேலை.

மெக்சிகோ போனால் ஓட்டலில் சைவப் பொசோலே கிடைக்குமா?

மெக்சிகோ நகரம், குவாதலஹாரா போன்ற பெரிய ஊர்களில் காளான் போட்டது கிடைக்கும். சின்ன ஊர்களில் ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்றால், தலையாட்டிவிட்டு அதே பானையிலிருந்து துண்டுகளைத் தவிர்த்து மொண்டு ஊற்றுவார்கள். ஏமாற்றும் எண்ணமில்லை, அவர்கள் கணக்கில் துண்டு இல்லையென்றால் இறைச்சி இல்லை. ‘எல் கால்தோ யேவா கார்னே?’ என்று சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பக்கத்தில் வரும் அரைத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்பதையும் ‘மந்தேக்கா’ என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.